குண்டுக்குப் போட்ட காவல்

கொல்லங்கரிசல் விலக்கில் போலீஸ் சுட்ட குண்டு, வெள்ளத்தாயின் நெஞ்சுக்கு இரண்டு முழம் முன்னால் வந்து நின்றுகொண்டது. கீழே விழவும் இல்லை, மேற்கொண்டு வரவும் இல்லை. டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப்போல அந்தரத்தில், மூக்கை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு, சும்மா நின்றது. அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். அதுவும் ஒரு எட்டு முன்னால் வந்தது. இடது பக்கம் திரும்பினாள்; அதுவும் சுற்றிக்கொண்டு வந்து நெஞ்சுக்கு நேரே நின்றது. சனமெல்லாம் செருப்பை விட்டு, துண்டை விட்டு, தூக்குச்சட்டியை விட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், வெள்ளத்தாய் மட்டும் நடு ரோட்டில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஒருத்தன்தான் குறைச்சலா இருந்த" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். குண்டு பின்னுக்கு நகர்ந்தபடியே, கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமல், முன்னால் போனது.

ஊர் அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்தது பாதுகாப்புக் கேட்டு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள், இதை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேர். ஆபீஸ் விட்டுப் பெண்கள் பொழுது மசங்குகிற நேரத்தில் ஓடைப்பாலத்தைக் கடந்துதான் ஊருக்கு வரவேண்டும். பாலத்தில் ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதிலும் விளக்கு கிடையாது. ஒரு பைக்கில் மூன்று பேராக வந்து கழுத்தில் கிடப்பதை அறுத்துக்கொண்டு போகிறவன்கள், சில நாள் முந்தானையையும் சேர்த்து இழுத்துப் பார்த்தார்கள். பெண்கள் கிழக்கு ஸ்டேஷனுக்குப் போனார்கள். பாலத்தின் கிழக்குத் தூண்தான் எங்கள் எல்லை, மேற்குத் தூணுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். மேற்கு ஸ்டேஷனுக்குப் போனார்கள். சம்பவம் நடுப்பாலத்தில் என்றால் அது எங்களுடையது இல்லையே என்றார்கள். ரோந்தாவது வாருங்கள் என்று கும்பிட்டதற்கு, இரண்டு ஸ்டேஷனிலும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: ஆள் இல்லை, வண்டி இல்லை, வண்டி இருந்தால் டீசல் இல்லை.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கவிப்ரியா என்ற பத்தொன்பது வயதுப் பெண் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டாள். பைக் அவளைப் பாலம் நெடுக இழுத்துப் போய் ஓடையில் தள்ளியது. மறுநாள் காலையில் இரண்டு ஸ்டேஷன்காரர்களும் வந்தார்கள். வந்து, நாடாவைப் பிடித்து, உடல் கிழக்குத் தூணுக்குப் பக்கமா மேற்குத் தூணுக்குப் பக்கமா என்று அளந்தார்கள். அளந்து முடிகிறவரைக்கும் பிள்ளை தண்ணீரிலேயே கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் எழுந்து போய் ரோட்டில் உட்கார்ந்தது. உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஆள் இல்லாத ஸ்டேஷன்களிலிருந்து வேன் வேனாக ஆள் வந்தது, இல்லாத வண்டிகள் வரிசையாக வந்தன, இல்லாத டீசலின் புகை ஊர்மேல் கவிந்தது.

சுட்டது ஏட்டு குருபாதம். வெள்ளத்தாய் கண்ணால் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் ரவிச்செல்வன் காதில் போனை வைத்து "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று மூன்று நான்கு தடவை சொன்னார். போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, குருபாதத்தைப் பார்த்துத் தாடையை ஒரு தூக்குத் தூக்கினார். அவ்வளவுதான். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் அவள் புருசன் சீனிராஜ் டீக்கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து, குண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "சுடுதா?" என்றான். "இல்ல, ஆறிப்போச்சு" என்றாள். அன்றிலிருந்து அவன் அவள் முதுகுப் பக்கம் படுத்தான். "பதினெட்டு வருசத்துல இப்பத்தான் உங்க மூஞ்சியப் பாக்காம நிம்மதியாத் தூங்குதேன்" என்று அவள் சொல்ல, அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கிடந்தான்.

ஊர் அதற்குப் பழகிய விதம் இப்படி. பஸ்ஸில் கண்டக்டர் அவளை முன் சீட்டில் தனியாக உட்காரவைத்து, குண்டு நிற்கிற இடத்தில் ஆள் நிற்கக் கூடாது என்று சத்தம் போட்டார். கொஞ்ச நாளில், அந்த இடத்துக்கும் டிக்கெட் எடு என்றார். ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்க யாரும் துணியாததால் அவள் எப்போதும் முதல் ஆளாகவே சீனி வாங்கினாள். அதற்காகவே சில பேர் அவளோடு ஒட்டி உறவு கொண்டாடினார்கள். அம்மன் கோயில் பூசாரி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை குண்டுக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். சோசியக்காரர், இது கண்டம் இல்லை, கண்டத்தின் வாசல் என்றார். வெள்ளத்தாய் அடுப்புக்கு முன்னால் நின்றால் குண்டு தாளிப்பு வாடைக்குள் நின்று எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது, அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். எதிர்த்த வீட்டுக்காரி, "யக்கா, நல்லா வச்சிருக்க" என்றாள், ஏதோ பித்தளைக் குத்துவிளக்கைச் சொல்கிற மாதிரி. ஒரு மாதத்துக்குள், குண்டு இல்லாத வெள்ளத்தாயை யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று.

அரசாங்கம் பழகியது வேறு விதம். மாவட்டப் போலீஸ் அதிகாரி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு முறுக்கும் காப்பியும் கொடுத்து, கொல்லங்கரிசலில் துப்பாக்கிச் சூடே நடக்கவில்லை, லாரி டயர் வெடித்தது என்றார். ஆனால் ஆயுதக் கிடங்கில் ஒரு குண்டு குறைந்தது. குறைந்த குண்டு வெள்ளத்தாய் முன்னால் நிற்கிறது, அதை யாராவது எடுத்துக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது? சுடவே இல்லை என்று சொன்ன வாயே, அரசு உடைமைக்கு ஆபத்து என்றும் சொல்லியது. அந்தரத்தில் நிற்கும் அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எங்கே நின்றாலும் அங்கே இரண்டு போலீஸ் காவல் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவில் வெள்ளத்தாயின் பேர் இல்லை.

காவலுக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர் குருபாதம். யார் அப்படிப் போட்டார்களோ, கொழுப்பில் போட்டார்களா புத்தியில்லாமல் போட்டார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த இலாகாவில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. ஒடிசலான ஆள், நரைத்த மீசை, வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஏட்டையா, காவல் எனக்கா, இதுக்கா?" என்றாள் வெள்ளத்தாய்.

"பொருளுக்கும்மா."

"அப்ப நான் யாரு?"

குருபாதம் துப்பாக்கியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "நீங்க பொருளுக்குப் பின்னால நிக்கிறவங்க."

"நல்லது. சுடுறதுக்கும் நீங்கதான், சுட்டதுக்குக் காவல் நிக்கிறதுக்கும் நீங்கதான். காப்பி குடிக்கீகளா?"

கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்தார். கண்ணை மட்டும் தூக்கவில்லை.

முதலில் கவனித்தவள் செல்லக்கிளி, வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள். "மைனி, நீ வேலைக்கு வந்தா இது உன்கூட வருது. இது வந்தா போலீசு வருது. நாம எல்லாரும் உன்கூட வீட்டுக்குப் போனா என்ன?" அன்று சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் எல்லாப் பெண்களும் வெள்ளத்தாய்க்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் குண்டு, அதற்குப் பின்னால் வெள்ளத்தாய், இருபுறமும் துப்பாக்கிக்காரர்கள், அதற்குப் பின்னால் தூக்குச்சட்டியும் சிரிப்பும் ஊர்வம்புமாக ஒரு ஊர்வலம். பாலத்தின் அந்த முனையில் நின்ற பைக், இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாளும் போனது. அதற்கப்புறம் வரவே இல்லை. தூண் எந்த எல்லை என்று யாரும் கேட்கவில்லை, டீசல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மனுசிக்கு வராத போலீஸ் குண்டுக்கு வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பகுதியில் பெண்கள் பாதுகாப்புக்குப் புதிய நடைரோந்துத் திட்டம் என்று மாவட்ட அதிகாரி மறுபடி முறுக்கு கொடுத்தார்.

ஆனால் குண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்ததும் செல்லக்கிளிதான். தீக்குச்சியோடு பிழைக்கிற கை, ஒரு குச்சிக்கும் அரைக் குச்சிக்கும் வித்தியாசம் இருட்டிலேயே தெரியும். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்தாயின் நெஞ்சிலிருந்து குண்டின் மூக்குவரை தீக்குச்சிகளைத் தலைக்குத் தலை வைத்துப் பார்த்தாள். மறுநாள் பார்த்தபோது ஒரு குச்சியில் மருந்துத் தலையளவு குறைந்தது. இடையில் என்ன நடந்தது என்று யோசித்தார்கள். கிராம நிர்வாக அதிகாரி டீக்கடையில் உட்கார்ந்து, "சுடவே இல்லப்பா, எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்லியிருந்தார். அந்த வாரக் கடைசியில் தாசில்தார் அதையே சொன்னார். அரைக் குச்சி குறைந்தது. கலெக்டர் சொன்னார், ஒரு குச்சி. மந்திரி டெலிவிஷனில் சொன்னபோது, வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த சீனிராஜின் கண் முன்னாலேயே குண்டு தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று அதுவரை தெரியாத ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. சம்பளம் வாங்காதவன் சொன்னால் அது அசையாது. வேலைவெட்டி இல்லாத ஒருவனை எதிரே நிறுத்தி, சுடவே இல்லை என்று தொண்டை கிழியக் கத்தவிட்டும் பார்த்தார்கள், அசையவில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அதன்பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்தால் ஊர் கல்லெடுத்தது. "யய்யா, உங்களக் கும்பிடுதோம், யாருட்டயும் எதையும் கேட்காதீக" என்று வெள்ளத்தாயே கை எடுத்துக் கும்பிட்டாள். கேட்டால் அவர்கள் இல்லை என்பார்கள். இல்லை என்றால் இது வரும். அவர்களும் கேட்காமல் போனார்கள். அப்படிப் போவது அவர்களில் பாதிப் பேருக்குப் புதிய காரியம் இல்லை.

ஒரே ஒரு தடவை குண்டு பின்னால் போனது. வீட்டு வாசலில் சீனிராஜ் சும்மா பேச்சுக்கு, "டயர் வெடிச்சாலும் அம்புட்டுச் சத்தம் கேக்குமோ" என்றான். குருபாதம் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "டயர் சத்தம் இப்படித் தோள்ல இடிக்காது" என்றார். சொன்னதும் குண்டு ஒரு மயிரிழை பின்னுக்குப் போனது. வெள்ளத்தாய் பார்த்தாள். அவள் பார்த்ததைக் குருபாதமும் பார்த்தார். அன்றைக்கு அவர் தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் விசாரணை ஆணையம் அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கீழே இருந்து மேலே வரைக்கும் ஒவ்வொரு அதிகாரியையும் வரிசையாக உட்காரவைத்து, சுட்டீர்களா, சுடச் சொன்னீர்களா என்று கேட்பாராம். அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செல்லக்கிளி குச்சிகளை வைத்துப் பார்த்துவிட்டு, கையிலேயே அவற்றை ஒடித்துப்போட்டாள். மிச்சம் ஒரு முழம்தான் இருந்தது. விசாரணை ஒழுங்காக நடந்து முடிந்தால் வெள்ளத்தாய் செத்துப்போவாள்.

விசாரணைக்கு முந்தின நாள் கவுன்சிலர் வந்தார். கூடவே தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நாலைந்து பேர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தாயி, ஊருக்குள்ள ஒரு பேச்சு" என்று இழுத்தார் கவுன்சிலர். "நாளைக்கு எவனாவது மனசு மாறி, ஆமா சுட்டோம்னு உண்மையச் சொல்லிட்டான்னு வையி. இது விழுந்துரும்."

"விழட்டும்."

"விழுந்தா போலீசு போயிரும்லா. பொம்பளப் பிள்ளைக மறுபடி அந்தப் பாலத்துல..."

வெள்ளத்தாய் சுளகில் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தைக் கீழே வைத்தாள். "அதுக்கு?"

"ஒண்ணுமில்ல, நீ நாளைக்கு உடம்பு சரியில்லன்னு வராம இருந்துட்டா, விசாரணய ஒத்திவைப்பாக. கொஞ்ச நாள் இப்படியே ஓடுச்சுன்னா..."

"கவுன்சிலரய்யா, பாலத்துல ஒரு விளக்குப் போடச் சொல்லி மூணு வருசமா உங்க வீட்டுக்கு நடந்தோம். அத உங்களால கொண்டுவர முடியல. என் நெஞ்சுல விளக்க ஏத்தி வழி பாக்கச் சொல்லுதீக." பிறகு பெண்களைப் பார்த்தாள். "ஏளா, நீங்களுமா?"

ஒருத்தி அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

விசாரணை கல்யாண மண்டபத்தில். முந்தின முகூர்த்தத்தின் தெர்மாக்கோல் எழுத்துகள் இன்னும் மேடையில் இருந்தன. அதற்குக் கீழே நீதிபதி சாத்துக்குடி ஜூஸோடு உட்கார்ந்திருந்தார். கொல்லங்கரிசல் முழுக்க வந்திருந்தது. வெள்ளத்தாய் முன் வரிசையில். முதலில் கிராம நிர்வாக அதிகாரி வந்து, சத்தியம் செய்து, துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை என்றார். குண்டு ஒரு அசைவு அசைந்தது. தாசில்தார் வந்தார், சத்தியம் செய்தார், நடக்கவில்லை என்றார். அரைக் குச்சி. வெளியே கார்களில் மற்ற அதிகாரிகள் ஏசியைப் போட்டுக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சீனிராஜ் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

வெள்ளத்தாய் எழுந்தாள்.

"அய்யா, ஒரு விண்ணப்பம். சொல்லுறவங்க எல்லாரும் அங்க தள்ளி நின்னு சொல்லுதாங்க. அது எனக்குச் சரியாக் கேக்கல. இங்க வந்து நின்னு சொல்லச் சொல்லுங்க."

"எங்கே?"

குண்டுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடத்தை அவள் கையால் காட்டினாள். ஒரு ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் நிற்கலாம்.

"நடக்கலங்காகள்ல. நடக்காத குண்டு யாரையும் ஒண்ணும் செய்யாது."

நீதிபதி வக்கீல்களைப் பார்த்தார். அப்படி நிற்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அவர் வாழ்க்கை முழுக்கச் சட்டத்தில் இல்லாததைச் செய்யாமலே காலம் தள்ளியவர்; ஆனால் கூடாது என்று இல்லாததைத் தடுக்கவும் அவருக்கு வழக்கமில்லை. சரி என்றார்.

அடுத்த ஆள் இன்ஸ்பெக்டர் ரவிச்செல்வன். தொப்பையை உள்ளே இழுத்து, பெல்ட்டை மேலே தூக்கி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நுழைந்து நின்றார். முதுகில் வெள்ளத்தாயின் மூச்சு பட்டது. முன்னால் சட்டையின் மூன்றாவது பொத்தானைக் குண்டு முத்தம் கொடுக்கிற மாதிரி தொட்டுக்கொண்டிருந்தது.

"துப்பாக்கிச் சூடு நடந்ததா?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"சொல்லுங்க சார்" என்றாள் வெள்ளத்தாய், பின்னாலிருந்து, காதுக்குள். "மத்தவுக எல்லாம் நல்லாச் சொன்னாகளே."

"ஞாபகம் இல்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

குண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மண்டபம் மூச்சு விட்டது. வெளியே கார்களுக்குச் செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு கார் கிளம்பியது, பிறகு இன்னொன்று. ஒருவருக்கு நெஞ்சு வலி, ஒருவருக்கு மைத்துனர் வீட்டில் துக்கம், ஒருவருக்கு அவசர மீட்டிங். நாட்டைக் காக்கிற உத்தியோகத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு முழ இடத்துக்குப் பயந்து, டீசலுக்குக் கொஞ்சமும் குறைவில்லாமல், புழுதி பறக்கப் போனார்கள்.

நீதிபதி ஒத்திவைக்கப் பேனாவை எடுத்தார். அதற்குமுன் முறைக்கு ஒரு சாட்சி பாக்கி இருந்தது: பொருளுக்குக் காவல் நிற்கிற ஏட்டு வந்து, பொருள் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

குருபாதம் வந்தார். யாரும் சொல்லாமலே போய் அந்த இடத்தில் நின்றார். ஒடிசலான ஆள், மூச்சை இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொருள் பத்திரமா?" என்றார் நீதிபதி.

"பொருள் இல்லங்கய்யா, குண்டு" என்றார் குருபாதம். "என் துப்பாக்கியில இருந்து போனது. சுட்டது நான். சுடச் சொல்லித் தாடையத் தூக்குனது இன்ஸ்பெக்டர். அவருக்குப் போன்ல சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, திரும்பாமலே சொன்னார்: "இந்தம்மா கையில கல்லுகூட இல்ல. ஓடையில செத்த அந்தப் பிள்ளையோட போட்டோதான் இருந்துச்சு."

பருப்பில் கிடக்கிற கல் தட்டில் விழுகிற மாதிரி, சின்னதாக ஒரு சத்தம். குண்டு மொசைக் தரையில் விழுந்து, உருண்டு, நாற்காலிக் காலில் முட்டி நின்றது. வெள்ளத்தாய் தன் நெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தாள். மாதக்கணக்கில் குனியாத மனுசி, குனிந்து பார்த்தாள். சீனிராஜ் எல்லோர் முன்னாலும் ஓடிவந்து அவளுக்கு எதிரே, முகத்துக்கு நேரே நின்றான்.

குண்டை யாரும் எடுக்கவில்லை. மண்டபம் கிழக்கு ஸ்டேஷன் எல்லை, அதனால் உங்களுடையது என்றது மேற்கு. சுட்டது மேற்கு எல்லையில், அதனால் உங்களுடையது என்றது கிழக்கு. எடுக்கிற கை சுட்ட கை ஆகிவிடும் அல்லவா. கடைசியில் வெள்ளத்தாய் எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

குருபாதத்தை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள், ஒப்படைத்த பொருளைக் கீழே விழவிட்ட கவனக்குறைவுக்காக. காவலும் அன்றைக்கே போனது. மறுநாள் சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் பெண்கள் வழக்கம்போல வெள்ளத்தாய்க்குப் பின்னால் நின்றார்கள். முன்னால் யாருமில்லை. பாலத்தின் பாதியில் பைக் வந்தது. குண்டு விழுந்த செய்தி அதற்குள் அவன்களுக்குப் போயிருக்க வேண்டும். செல்லக்கிளியின் கழுத்தில் கிடந்ததை அறுத்துக்கொண்டு, அவளைக் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டுப் போனான்கள். அவள் நெற்றியில் ரத்தம். பெண்கள் கிழக்கு ஸ்டேஷனுக்குப் போனார்கள், மேற்கு ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஆள் இல்லை, வண்டி இல்லை, வண்டி இருந்தால் டீசல் இல்லை. "அன்னைக்கே சொன்னோம்ல" என்று கவுன்சிலர் டீக்கடையில் சொன்னது வெள்ளத்தாயின் காதுக்கு வந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. தையல்காரரிடம் கறுப்பு நூல்கண்டு ஒன்று வாங்கினாள். மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், சீனிராஜைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். கிழக்குத் தூணுக்கும் மேற்குத் தூணுக்கும் நடுவில்தான் அந்த விளக்கில்லாத கம்பம். சீனிராஜ் ஏறினான். நூலை இரட்டையாக முறுக்கி, ஒரு முனையைக் கம்பத்தின் கைக்கம்பியில் கட்டி, மறுமுனையில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தன் நெஞ்சு உயரத்துக்கு வருகிறதா என்று வெள்ளத்தாய் எதிரே நின்று பார்த்தாள். "இன்னும் ஒரு குச்சி இறக்குங்க" என்றாள். பழகிய உயரம்.

பிறகு சீனிராஜ் கிழக்கு ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். "சார், ஓடைப்பாலத்துல அந்தரத்துல ஒரு பொருள் நிக்குது." மேற்கு ஸ்டேஷனுக்கும் போட்டான். "பொருள் நிக்குது சார். யாரும் இல்ல. எவனாவது எடுத்துட்டுப் போயிருவான் போல."

பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமிருந்தும் வண்டி வந்தது. அந்தரத்தில் நிற்கும் பொருள் எங்கே நின்றாலும் காவல் என்ற பழைய உத்தரவை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. அதை ரத்து செய்ய வேண்டுமானால், எதற்காகப் போட்டோம் என்று எழுத வேண்டும். நாடாவைப் பிடித்து அளந்தார்கள். நடுவில் இருந்தது, ஒரு தீக்குச்சிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. அதனால் கிழக்கிலிருந்து ஒருவர், மேற்கிலிருந்து ஒருவர் என்று காவல் போட்டார்கள். நாற்காலி வந்தது, குடை வந்தது. பொருள் இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பியதும், மூன்று வருசமாக வராத விளக்கு மூன்றாம் நாள் வந்தது.

விளக்கு வந்ததும் நூல் பளிச்சென்று தெரிந்தது. காவலுக்கு நின்றவர்களுக்கும் தெரிந்தது. ஆனால் நாற்காலி இருக்கிறது, குடை இருக்கிறது, சீனிராஜ் கடையிலிருந்து காப்பி வருகிறது. அந்தக் கடையில் இப்போது பழைய ஏட்டு ஒருவர் டீ ஆற்றுகிறார். சத்தியம் செய்கிற மாதிரி கையை உயர்த்தி, ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றுவார். ஆடி மாதக் காற்றில் நூல் நைந்தபோது, காவல்காரர்களே புது நூல் வாங்கிக் கட்டினார்கள். மந்திரி ஒருமுறை பாலத்துக்கு வந்து, விளக்கைத் தொடங்கிவைத்து, கொல்லங்கரிசலில் எந்தக் காலத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்ததில்லை என்று பேசினார். குண்டு லேசாக ஆடியது. காற்று என்றார்கள். மந்திரி மட்டும் பேச்சைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் பெண்கள் பாலத்தில் வருகிறார்கள். நெற்றியில் தழும்போடு செல்லக்கிளி வருகிறாள், முன்னால் ஒன்றும் இல்லாமல் கைவீசி வெள்ளத்தாய் வருகிறாள். இரண்டு போலீஸ்காரர்களும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் குண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடந்துபோகிற பெண்களை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"பாக்காம இருக்காகள்ல" என்றாள் வெள்ளத்தாய். "அது போதும். நடங்க."